துண்டு பர்சுக்குள் கிடக்கிறது. மனநலக் கிளினிக்குக்குப் போக முன்னம் என்ன தெரிந்திருக்க வேண்டும்?

சல்லிக்கரை
ஞாயிறு, இரவு 11.52

வணக்கம். இங்கே இதுவரை போன் பற்றி மட்டும்தான் எழுதியிருக்கிறேன். சிலருக்கு என்னை நேரிலேயே தெரியும். வேறு பெயரில் எழுத நினைத்து, பிறகு விட்டுவிட்டேன்.

போன வருசம் ஆடி மாதத்திலிருந்து விடிய மூன்று மணிக்கு முழிப்பு வருகிறது. நெஞ்சு அடிக்கிற சத்தம் காதுக்குள் கேட்கும், கை விறைக்கும், இதோ சாகப்போகிறேன் என்றே நினைப்பேன். பத்துப் பதினைந்து நிமிசத்தில் அடங்கிவிடும். ஆனால் பிறகு நித்திரை இல்லை. இரண்டு தரம் ஈசிஜி எடுத்தாயிற்று, இரத்தம் சோதித்தாயிற்று, தைரொய்டும் பார்த்தாயிற்று. ஒன்றுமில்லை. மூன்றாம் தரம் போனபோது ஓபிடி டொக்டர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மனநலக் கிளினிக்குக்கு ஒரு துண்டு எழுதித் தந்தார். "கதைத்துச் செய்கிற வைத்தியமும் இருக்கு, பயப்படாதீங்க" என்றார்.

அந்தத் துண்டு 24 நாளாக என் பர்சுக்குள் கிடக்கிறது. மடித்த இடத்தில் கிழியத் தொடங்கிவிட்டது.

எனக்குத் திருகோணமலை டவுனில் போன் திருத்துகிற கடை. ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்களில் பாதிப்பேர் என்னுடைய கஸ்டமர். அந்த வாங்கில் போய்க் குந்தினால் பின்னேரத்துக்குள் கதை உப்புவெளி தாண்டிவிடும். மனுசிக்குக்கூட கேஸ்ரிக் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன்.

உள்ளே போனால் என்ன நடக்கும்? எல்லாவற்றையும் சொல்ல வேண்டுமா? போனவர்கள் மட்டும் சொல்லுங்கள்.

உவர்மலைத்தம்பி
திங்கள், காலை 6.10

அண்ணே, நான் போனவன் இல்லை, ஆனாலும் சொல்கிறேன். முன்பின் தெரியாத ஆளுக்கு முன்னால் இருந்து அழுவதற்குப் பதிலாக விடிய எழும்பி கோணேசருக்கு நடந்து போங்கள். மேலே நின்று கடலைப் பார்த்தால் பாதி வருத்தம் போய்விடும். கோட்டைக்குள் மான் நிற்கும், அதுகளோடு கதைத்தால் ஊருக்குக் கதையும் போகாது.

கிண்ணியா_ராத்தா
திங்கள், காலை 9.35

தம்பி போனவர்கள் மட்டும் என்று தெளிவாக எழுதியிருக்கிறார். சரி, நான் போனவள்.

இரண்டாவது பிள்ளை பிறந்து மூன்றாம் மாதம். பிள்ளை அழும், நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். உம்மா ஓதிப் பார்க்கக் கூட்டிப்போனார், தண்ணீர் ஓதித் தந்தார்கள், குடித்தேன். குறை சொல்லமாட்டேன், அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன். பிறகு குடும்ப நல மருத்துவ மாது பிள்ளையை நிறுக்க வந்த இடத்தில் என் முகத்தைப் பார்த்துவிட்டு டவுனுக்குப் போகச் சொன்னார். அப்போது கிண்ணியாப் பாலம் இல்லை, 2009இல்தானே திறந்தது. பாதையில், அதுதான் ஆளேற்றிக் கடக்கிற படகில், ஏறித்தான் வரவேண்டும். பாதையில் ஏறினால் ஊரே அங்கேதான் நிற்கும். "எங்க போற மகள்?" என்று கேட்காதவர் இல்லை. பல்லுக்கு என்று சொல்வேன். எட்டுத் தரம் பல்லுக்குப் போனேன். கடைசியில் ஒரு மாமி, "எத்தின பல்லும்மா உனக்கு?" என்று கேட்டார்.

நான் தெரியாமல் போன ஒரு விசயத்தைச் சொல்கிறேன். அங்கே புத்தி சொல்வார்கள் என்று நினைத்துப் போனேன். "இப்படிச் செய், அப்படிச் செய்யாதே" என்று சொல்வார்கள், கேட்டுக்கொண்டு வரலாம் என்று. மூன்று தரம் போயும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. கேள்வி கேட்பார், நான் சொன்னதையே திருப்பிச் சொல்லி இதுதானா என்று கேட்பார். எனக்கு எரிச்சல் வந்தது. இதற்காகவா பல்லுக்குப் போகிறேன்? நாலாம் தரம் அதை அவருடைய முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "இதை வேறு யாருக்கும் இப்படி நேராகச் சொல்லியிருக்கிறீங்களா?" என்று கேட்டார். இல்லை. மாமியாருக்கும் இல்லை, புருசனுக்கும் இல்லை. வேலை அங்கேதான் தொடங்கியது.

ஆகவே கோபம் வந்தால் எழும்பி வந்துவிடாதீர்கள். அவருக்கே சொல்லுங்கள்.

வெள்ளைச்சப்பாத்து
திங்கள், பின்னேரம் 4.20

தம்பி, 31 வருசம் நேர்ஸ் வேலை, அதில் கடைசி ஒன்பது வருசம் மனநல வாட்டு. எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள்.

அங்கே யார் யார் இருப்பார்கள் என்று முதலில் விளங்கிக்கொள்ளுங்கள், கனபேர் குழம்புவது இதில்தான். மனநல வைத்திய நிபுணர் என்பவர் எம்பிபிஎஸ் முடித்து அதற்கு மேலும் படித்தவர். என்ன வருத்தம் என்று தீர்மானிப்பார், குளிசை எழுதுவார். அவரோடு மனநலத்துக்கென்று பயிற்சி எடுத்த டொக்டர்மாரும் இருப்பார்கள். மருத்துவ உளவியலாளர் குளிசை எழுதமாட்டார், கதைத்துச் செய்கிற சிகிச்சைதான் அவருடைய தொழில். இலங்கை மருத்துவ சபையில் பதிந்திருப்பார். நாட்டிலேயே அவர்கள் குறைவு, கொழும்பை விட்டு வந்தால் இன்னும் குறைவு. உளவளத்துணையாளர் என்பவர் இன்னொருவர். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருப்பார், காசு இல்லை. குடும்பச் சண்டை, துக்கம், பிள்ளைகளின் பிரச்சினை என்றால் அங்கேயே தொடங்கலாம். ஆனால் வெளியில் போர்டு போட்டிருக்கிறவர் ஆறு வருசம் படித்தவராகவும் இருக்கலாம், இரண்டு நாள் செமினாருக்குப் போய்ச் சான்றிதழைச் சட்டம் போட்டுக் கொழுவியவராகவும் இருக்கலாம். எங்கே படித்தீர்கள், எத்தனை வருசம் செய்கிறீர்கள், உங்களை மேற்பார்வை செய்வது யார் என்று வெட்கப்படாமல் கேளுங்கள். நல்ல ஆள் கோபிக்கமாட்டார். கோபித்தால் அதுவே உங்களுக்குப் பதில்.

அடுத்தது இரகசியம். உங்களிடம் திருத்த வருகிற போனில் எத்தனை படம், எத்தனை மெசேஜ் கண்ணில் படும்? யாருக்காவது சொன்னீர்களா? சொல்லியிருந்தால் கடையில் சனம் நிற்காது. அவர்களுக்கும் அதே கதைதான், தொழில் அதில்தான் நிற்கிறது. ஆனால் முழு இரகசியம் என்று யாராவது சத்தியம் பண்ணினால் நம்பாதீர்கள். உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து, ஒரு பிள்ளைக்குக் கொடுமை நடக்கிறது, நீதிமன்றம் கேட்கிறது, இந்த இடங்களில் அவர் வெளியே சொல்ல வேண்டிவரும். எதைச் சொல்வீர்கள், யாருக்குச் சொல்வீர்கள் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

ஒரு கேள்வி கேட்க வேண்டும், பொதுவில் கேட்பதற்கு மன்னியுங்கள். சாகவேண்டும் என்ற நினைப்பு வருகிறதா?

சல்லிக்கரை
திங்கள், இரவு 10.05

இல்லை அக்கா. செத்துவிடுவேனோ என்ற பயம்தான். சாக விருப்பம் இல்லை. நேராகக் கேட்டதற்கு நன்றி, இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

கதை வெளியே போவது மட்டும் பயம் இல்லை. அந்தக் கிளினிக் கொப்பியை வீட்டில் எங்கே வைப்பது? பாமசியில் நீட்டினால் அந்தப் பெடியனும் வாசிப்பானே.

வெள்ளைச்சப்பாத்து
திங்கள், இரவு 10.31

நல்லது. ஆனால் அந்த நினைப்பு வருகிற யாராவது இதை வாசித்துக்கொண்டிருக்கலாம், அவர்களுக்காக எழுதுகிறேன். 1926க்கு அடியுங்கள், தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், 24 மணித்தியாலமும் எடுப்பார்கள். 1333உம் இருக்கிறது, காசு வெட்டாது. தற்கொலைக்கு முயன்றவரைப் பொலிஸ் பிடிக்கும் என்று இன்னும் பயப்படுகிறார்கள். 1998இலேயே அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள். அந்தப் பயத்தில் மருந்து குடித்த பிள்ளையை ஒளித்து வைத்திருந்து, நேரம் தப்பிய பிறகு தூக்கிக்கொண்டு வந்தவர்களைக் கண்டிருக்கிறேன்.

கொப்பிக்குப் பேப்பர் உறை போடுங்கள், பள்ளிக்கூடப் பிள்ளை போடுவது மாதிரி. பாதிப்பேர் அப்படித்தான் கொண்டுவருவார்கள்.

மூதூர்க்காரன்
செவ்வாய், காலை 7.48

சல்லிக்கரை அண்ணா, உங்களுக்கு வருவது அப்படியே எனக்கு வந்தது. எனக்கு இரவில் இல்லை, பஸ்ஸில். மூதூரிலிருந்து வருகிற பஸ் கங்கைப் பாலத்தில் ஏறினால் போதும், மூச்சு முட்டும். நான் பட்டதில் பெரியது மொழிதான், அதை முதலில் சொல்கிறேன்.

முதல் போன இடத்தில் டொக்டர் சிங்களவர். நல்ல மனுசன், தமிழும் கொஞ்சம் கதைப்பார். "ஒரே யோசனை சேர்" என்றேன். அவர் பேனையை வைத்துவிட்டு, "என்ன யோஜனாவ?" என்று கேட்டார். சிங்களத்தில் யோஜனாவ என்றால் முன்மொழிவு. நான் ஏதோ திட்டத்தோடு வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். பிறகு மொழிபெயர்க்க வாசலில் நின்ற ஒரு ஊழியரைக் கூப்பிட்டார்கள். "நெஞ்சு பதறுது, உயிர் போற மாதிரி" என்று நான் சொன்னதை அவர் நெஞ்சுவலி என்று சுருக்கிவிட்டார். திரும்ப ஈசிஜிக்கு அனுப்பினார்கள். அந்த ஊழியருக்கு என் மச்சானைத் தெரியும் என்பது வேறு கதை.

பதறுது, ஏங்குது, மனம் ஓடுது, வெறுத்துப்போச்சு, விறைச்சுப்போச்சு. நமக்கு இதெல்லாம் வேறு வேறு. மொழிபெயர்க்கிறவருக்கு எல்லாமே ஒரு சொல். அதனால் தமிழில் கதைக்கிறவர் இருக்கிறாரா என்று முதலே கேளுங்கள். இல்லையென்றால் மொழிபெயர்ப்பது யார் என்று கேளுங்கள், வீட்டு ஆளைக் கூட்டிப்போகவே வேண்டாம். மனுசியைப் பற்றிச் சொல்ல வேண்டியதை மனுசியே மொழிபெயர்த்தால் என்னாகும்? அப்புறம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். வருத்தத்தின் பெயரை எழுத வேண்டாம், நடந்ததை எழுதுங்கள். எத்தனை மணி, எங்கே நின்றேன், முதலில் கையா நெஞ்சா, எப்படி முடிந்தது. அதை யார் மொழிபெயர்த்தாலும் சிதையாது.

ஸ்காபரோ_குளிர்
செவ்வாய், காலை 8.15

இங்கே கனடாவில், ஒன்டாரியோவில் 'உளச்சிகிச்சையாளர்' என்ற பெயரைப் பதிவில்லாமல் போடமுடியாது. 2015இல் நடைமுறைக்கு வந்த சட்டம், பதிவேட்டில் பெயரைத் தட்டிப் பார்க்கலாம். அது இருந்தும் நான் மாட்டினேன்.

தமிழ் ஆள் என்று தேடிப் பிடித்தேன். முதல் மணித்தியாலத்தில் நாற்பது நிமிசம் அவரே கதைத்தார். தன்னுடைய விவாகரத்து, தன்னுடைய அம்மா. இரண்டாம் தரம், "நீங்கள் எந்த ஊர்? ஓ, அந்தக் குடும்பமா" என்றார். மூன்றாம் தரம், "வெள்ளிக்கிழமை விரதம் பிடியுங்கோ" என்றார். விரதத்தில் எனக்குப் பகை இல்லை, அம்மாவே சொல்வா, அதுக்குக் காசு இல்லை. அத்தோடு நின்றுவிட்டேன். ஆனால் நின்ற பிறகு ஒன்றரை வருசம் யாரிடமும் போகவில்லை. அங்கேதான் பிழை விட்டேன். ஒரு பல் டொக்டர் சரியில்லை என்றால் பல்லே வேண்டாம் என்று விடுவோமா?

இரண்டாவது ஆள் தமிழே தெரியாதவர். அவரோடு சரிவந்தது. சொந்த மொழி முக்கியம்தான், மூதூர்த் தம்பி சொல்வது சரி. ஆனால் சொந்த ஊர் என்பது சில நேரம் சுமை.

அந்த ஆளோடு உங்களுக்குள்ள பிடிப்பு எந்த முறையைச் செய்கிறார் என்பதைப் போலவே முக்கியம். ஆராய்ச்சிக்காரர் பல வருசமாகச் சொல்வதும் இதைத்தான். நாலு தரம் போயும் ஒட்டவில்லை என்றால் அவருக்கே சொல்லுங்கள், வேறு ஆளைக் காட்டச் சொல்லுங்கள். உங்களைத் தொடுகிறார், தனியாக வெளியே கூப்பிடுகிறார், கடன் கேட்கிறார் என்றால் நாலு தரமெல்லாம் பார்க்க வேண்டாம். அன்றைக்கே எழும்பி வாருங்கள், முறைப்பாடும் செய்யுங்கள்.

உவர்மலைத்தம்பி
செவ்வாய், பகல் 12.40

சரி, நேற்று நக்கலாக எழுதிவிட்டேன், மன்னிக்கவும். உண்மையாகவே ஒன்று கேட்கிறேன். சிநேகிதனோடு கடற்கரையில் இருந்து கதைப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அதுவும் கதை, இதுவும் கதை.

மூதூர்க்காரன்
செவ்வாய், பின்னேரம் 5.55

நல்ல கேள்வி. எனக்குச் செய்ததைச் சொல்கிறேன், நீங்களே பாருங்கள்.

சிநேகிதன்மார் என்ன சொன்னார்கள்? "பஸ்ஸில் ஏறாதே, பைக்கில் போ." அன்பாகத்தான் சொன்னார்கள். நானும் பைக்கில் போனேன். பிறகு பாலத்தில் பைக்கிலும் வந்தது. பிறகு பாலத்துக்கே போகவில்லை. பிறகு மூதூரை விட்டே வெளிக்கிடவில்லை. ஒன்பது மாதம்.

கடைசியில் கிடைத்த உளவியலாளர் அறிகை நடத்தைச் சிகிச்சை செய்கிறவர். சிபிடி என்பார்கள், அமெரிக்காவில் ஆரன் பெக் என்ற மனநல வைத்தியர் 1960களில் தொடங்கியது. சின்ன வயசுக் கதையெல்லாம் கனக்கக் கேட்கவில்லை. ஒரு தாளில் வட்டம் கீறினார். நெஞ்சு அடிக்கிறது, 'ஐயோ சாகப்போகிறேன்' என்று நினைக்கிறாய், அந்த நினைப்பில் இன்னும் அடிக்கிறது, பார்த்தாயா சொன்னேனே என்று மனம் சொல்கிறது. வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. எங்கே வெட்டலாம் என்று என்னிடமே கேட்டார்.

மூன்றாவது தரமோ என்னவோ, என்னை வெளியே கூட்டிப்போய் மாடிப்படியில் ஏறி இறங்கச் சொன்னார். வேகமாக, இரண்டு நிமிசம். எனக்கு விசர் வந்தது, நெஞ்சு வருத்தக்காரனைப் படியில் ஓட விடுகிறாரே என்று. ஓடினேன். நெஞ்சு அப்படியே பாலத்தில் அடித்த மாதிரி அடித்தது. "இப்போ என்ன நடக்கும் என்று நினைக்கிறீங்க?" "விழுவேன்." "சரி, விழுகிற வரைக்கும் பார்ப்போம்" என்று அவரும் படியில் குந்திவிட்டார். நான் விழவில்லை. நாலு நிமிசத்தில் அடங்கியது. அடுத்த கிழமையும் ஓட்டினார். அதற்கடுத்த கிழமை எனக்கே அலுத்துவிட்டது, பயம் வரவில்லை. இதெல்லாம் ஈசிஜி சுத்தமாக இருந்ததால்தான் செய்தார், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பிறகு வீட்டுவேலை. பஸ்ஸில் ஏறி ஒரு தரிப்பு. பிறகு மூன்று. பிறகு பாலம், யன்னல் பக்கம், போன் பார்க்காமல். கொப்பியில் பயத்துக்கு நூறுக்கு எத்தனை என்று புள்ளி போடவேண்டும். முதல் நாள் 95 போட்டேன். பதினாலு தரம் போனேன் மொத்தமாக. இப்போதும் பாலத்தில் ஒரு சின்ன இடி வரும். வந்தால் வரட்டும் என்று இருப்பேன்.

எந்தச் சிநேகிதன் இதைச் செய்வான் தம்பி?

உவர்மலைத்தம்பி
செவ்வாய், பின்னேரம் 6.20

ஒருத்தனும் செய்யமாட்டான். பகிடி பண்ணியே கொன்றுவிடுவான்.

சல்லிக்கரை
செவ்வாய், இரவு 11.30

மூன்று தரம் வாசித்தேன், நன்றி. இன்னொன்று இருக்கிறது, அதைக் கேட்கத்தான் இந்த இழையையே தொடங்கினேன் போல.

2004இல் எனக்கு 11 வயது. வீடு கரையில்தான். அதற்கு மேல் இங்கே எழுத விருப்பமில்லை. அங்கே போனால் அதைத் தோண்டுவார்களா? சொல்லித்தான் ஆகவேண்டுமா? சொன்னால் கூடிவிடுமோ என்றுதான் பயம்.

பாலையூற்று_லைன்
புதன், காலை 5.50

இதற்கு நான் பதில் சொல்ல வேண்டும். அந்த நேரம் ஒரு தொண்டு நிறுவனத்தில் முகாம்களில் வேலை செய்தேன்.

மார்கழி 26 சுனாமிக்குப் பிறகு இரண்டு மாதத்துக்குள் இந்தக் கரை முழுக்க ஆட்கள் வந்து இறங்கினார்கள். நல்ல மனதோடு வந்தவர்கள்தான் கனபேர். பிள்ளைகளை வட்டமாக இருத்தி, கலர் பென்சில் தந்து, கடலைக் கீறச் சொன்னார்கள். "அன்றைக்கு என்ன நடந்தது, சொல்லு." பிள்ளை சொல்லும், அழும். அவர்கள் தட்டிக்கொடுத்துவிட்டு அடுத்த முகாமுக்குப் போய்விடுவார்கள். இரவில் அந்தப் பிள்ளையோடு இருந்தது நாங்கள். ஒரு தரம் உட்கார வைத்து நடந்ததையெல்லாம் கக்க வைப்பதால் பலன் இல்லை, சிலருக்குக் கூட்டியும் விடும் என்று ஆய்வுகளில் இருக்கிறது. இப்போது உலக சுகாதார நிறுவனமும் வேண்டாம் என்கிறது. உங்களுக்கும் அப்படி ஏதாவது நடந்திருந்தால், உங்கள் பயத்தில் பிழை இல்லை.

ஆனால் அது வேறு, முறையான சிகிச்சை வேறு. நம் வடகிழக்கிலேயே சுனாமிக்குப் பிறகு 31 பிள்ளைகளை வைத்து ஒரு ஆய்வு நடந்தது, 2009இல் வெளிவந்தது. பாதிப்பேருக்கு ஆறு தரம் இருந்து நடந்ததைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரைக்கும் கதையாக ஒழுங்குபடுத்திச் சொல்ல வைத்தார்கள். மற்றவர்களுக்கு ஆறு தரம் தியானமும் உடம்பைத் தளர்த்துகிற பயிற்சியும், கதையே கேட்கவில்லை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் பெரும்பாலான பிள்ளைகள் தேறியிருந்தார்கள், பெரிய வித்தியாசமில்லை.

சின்ன ஆய்வுதான், பெரிதாக ஊதக்கூடாது. ஆனால் நான் அதை விடாமல் பிடித்திருக்கிறேன். கதை சொல்லியும் தேறலாம், சொல்லாமலும் தேறலாம். எதை எப்போது சொல்வது என்பது உங்கள் கையில். "இதைப்பற்றி இப்போது வேண்டாம்" என்பது முழுமையான பதில். அதைக் கேட்டு முகம் சுளிக்கிறவரிடம் திரும்பப் போகாதீர்கள்.

கிண்ணியா_ராத்தா
புதன், காலை 9.02

இவர் சொல்வது உண்மை தம்பி. எனக்குச் சொல்ல ஏலாத ஒன்றை ஆறாம் தரம்தான் சொன்னேன். அதுவும் எழும்பி வாசல் மட்டும் வந்த பிறகு, கதவைப் பிடித்துக்கொண்டு.

இன்னொன்று. தொடங்கிய புதிதில் சில நாள் வீட்டுக்கு வந்து முன்பைவிட மோசமாக இருப்பீர்கள். எனக்கு இரண்டு மூன்று கிழமை அப்படி இருந்தது. அன்றைக்குக் கடையைத் திறக்காதீர்கள், பின்னேரத்தை வெறுமையாக வைத்திருங்கள். நான் நேரே வீட்டுக்குப் போகமாட்டேன், ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு அடுத்த பாதையில்தான் ஏறுவேன். மாதக்கணக்காகியும் மோசமாகவே போனால் அது வேறு, அவருக்குச் சொல்லுங்கள்.

வெள்ளைச்சப்பாத்து
புதன், பின்னேரம் 3.15

குளிசை பற்றி ஒருவரும் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். சேட்ரலின், ஃபுளுவொக்செற்றின் மாதிரிக் குளிசை எழுதினால் அன்றைக்கே வேலை செய்யாது. இரண்டு முதல் நாலு கிழமை எடுக்கும், முதல் கிழமை வயிற்றைப் பிரட்டும், படபடப்புக் கொஞ்சம் கூடினது போலவும் இருக்கும். அந்த இடத்தில்தான் கனபேர் விட்டுவிடுகிறார்கள். சுகம் வந்த பிறகு திடீரென்று நிற்பாட்டுவதும் பிழை, டொக்டரைக் கேட்டுப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். நித்திரைக் குளிசையும் பயம் அடக்குகிற குளிசையும் வேறு சாதி. அதில் சில பழக்கமாகிவிடும். "இது எத்தனை நாளைக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரியின் பெட்டியிலிருந்து எடுக்கவே கூடாது, அதைச் செய்யாத தெரு திருகோணமலையில் இல்லை.

குளிசையும் கதையும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை. சிலருக்கு ஒன்று போதும், சிலருக்கு இரண்டும் வேண்டும்.

நேரம்: தனியாகக் காசு கட்டிப் போனால் ஒரு தரம் 45 முதல் 50 நிமிசம். அரச கிளினிக்கில் சனத்தைப் பொறுத்து, முதல் நாள் கொஞ்சம் கூட எடுப்பார்கள், பிறகு குறையும். ஒன்பது கேள்வி உள்ள ஒரு தாள் தரக்கூடும், போன இரண்டு கிழமை எப்படி இருந்தது என்று. கடைசிக் கேள்வி, முந்தாநாள் நான் உங்களைக் கேட்டதுதான். அதற்கு 'ஓம்' போட்டால் உடனே வாட்டில் பிடித்துப் போடுவார்கள் என்று பயந்து பொய் எழுதாதீர்கள். இன்னும் இரண்டு கேள்வி கூடக் கேட்பார்கள், பெரும்பாலும் அவ்வளவுதான்.

கடைத்தெருவில் கண்டால் என்ன செய்வீர்கள் என்றும் அவரைக் கேளுங்கள். பழகின ஆட்கள் தாங்களாகச் சிரிக்கமாட்டார்கள், நீங்கள் தலையாட்டினால் மட்டும் ஆட்டுவார்கள். அதை மரியாதைக் குறைவு என்று எடுக்க வேண்டாம்.

ஸ்காபரோ_குளிர்
புதன், இரவு 8.40

ஒன்லைனில் எடுக்கிற யோசனை இருந்தால் ஒரு சின்ன விசயம். வீட்டில் இடம் இல்லாமல் நான் காருக்குள் இருந்துதான் கதைத்தேன். உங்களுக்குக் கடை இருக்கிறது, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு இருக்கலாம். ஹெட்போன் கட்டாயம். சிக்னல் அறுந்தால் யார் திரும்ப எடுப்பது என்று முதலே பேசிக்கொள்ளுங்கள். அழுகிற நேரம் படம் உறைந்து நின்றால் வருகிற வெட்கம் இருக்கிறதே!

சல்லிக்கரை
17 நாள் கழித்து, சனி, இரவு 9.25

போனேன்.

காலை 6.45க்கு இலக்கம் எடுத்தேன், 17. துண்டை நீட்டும்போது அது இரண்டாகிவிட்டது, அந்த அக்கா டேப் ஒட்டிப் பைலில் வைத்தார். வாங்கில் எனக்கு இரண்டு ஆள் தள்ளிப் போன மாதம் என்னிடம் போன் வாங்கினவர் இருந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பிறகு இருவரும் சுவரில் இருந்த டெங்கு போஸ்டரை வாசிக்கத் தொடங்கினோம். நான் நாலு தரம் வாசித்தேன். அவர் இன்னும் கூட வாசித்திருப்பார்.

உள்ளே டொக்டர் தமிழ்தான். மூதூர்த் தம்பி சொன்னபடி எழுதிக்கொண்டு போன தாளை மேசையில் வைத்தேன். வாசித்துவிட்டு, "இது உதவி, எல்லோரும் இப்படிக் கொண்டுவந்தால் நான் வேளைக்கு வீட்டுக்குப் போவேன்" என்றார். மூன்று மணிக்கு வருவதன் பெயரைச் சொன்னார், அதனால் யாரும் சாவதில்லை என்றார். தாளில் வட்டமும் கீறினார். எனக்கு ஏற்கெனவே தெரியும் என்று சொல்லவில்லை.

கடலைப் பற்றி ஒரு கேள்வி வந்தது. "இப்ப வேண்டாம்" என்றேன். "சரி" என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். 25 நிமிசத்தில் எனக்கு ஞாபகம் நிற்பது அந்தச் "சரி"தான்.

குளிசை இப்போதைக்கு வேண்டாம், பார்ப்போம் என்றிருக்கிறார். இரண்டு கிழமைக்கு ஒரு தரம் உளவியலாளர், முதல் தடவை வருகிற வியாழன். மாடிப்படி இருக்கிறதா என்று பார்த்து வைத்திருக்கிறேன்.

மனுசிக்குச் சொன்னேன். "கேஸ்ரிக்காரன் மூன்று மணிக்கு முற்றத்தில் நடக்கமாட்டான், எனக்குத் தெரியும்" என்றாள். கொப்பிக்கு உறையும் அவள்தான் போட்டாள், மகனுடைய கொப்பிகளோடு சேர்த்து. அவனுடைய பெயர் லேபலே ஒட்டியிருக்கிறது, இரண்டாம் ஆண்டு, சுற்றாடல்.

இன்றைக்குப் பின்னேரம் கடைக்கு ஒரு அக்கா வந்தார். துண்டுக்கு டேப் ஒட்டினவர். டிஸ்ப்ளே நொறுங்கிப்போயிருந்தது. புதிதாகக் காண்கிற ஆளைக் கேட்பது மாதிரி, "தம்பி, இதுக்கு எவ்வளவு முடியும்?" என்று கேட்டார். விலையைச் சொன்னேன், திங்கள் பின்னேரம் வரச் சொன்னேன். சிம்மைக் கழற்றவா என்று கேட்டேன். வேண்டாம், இருக்கட்டும் என்றார். பிறகு கவுண்டரில் கிடந்த பில் புத்தகத்தை இழுத்து, போனைத் திறக்கிற நாலு இலக்கத்தையும் அதில் எழுதி வைத்துவிட்டுப் போனார்.